வன்னியிலிருந்து சர்வதேச ஹைக்கூ போட்டிக்கு: போரை எழுதத்தான் வேண்டுமா?

தங்கச்சி, உங்கள் கேள்வி நீளமானது. மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் அதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தருமபுரம் பக்கம் இருக்கிறீர்கள். உயர்தரம் முடித்துவிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுக்கிறீர்கள். தமிழில் ஹைக்கூ எழுதுகிறீர்கள், சர்வதேசப் போட்டிகளுக்கு அனுப்ப ஆசை. காசு கேட்கிறவர்களை நம்பலாமா, தமிழில் அனுப்பலாமா, மூன்று வரிக்கும் ஐந்து-ஏழு-ஐந்து என்ற ஒலிக் கணக்கு கட்டாயமா என்று மூன்று கேள்வி. கடைசியாக நாலாவது: "வன்னியில் இருந்து எழுதுகிற ஆள் போரைப் பற்றி எழுதாவிட்டால் வெளிநாட்டுக்காரர் கவனிப்பார்களா?" எழுதிய கவிதை ஒன்றையும், அதற்குக் கீழே ஒரு விளக்கத்தையும் சேர்த்திருக்கிறீர்கள். முதல் மூன்று கேள்விக்கும் பதில் சின்னது. நாலாவதுக்கும் அந்தக் கவிதைக்கும்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் காசு. ஜப்பானில் நடக்கும் பெரிய போட்டிகள் பலவற்றுக்கு ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. மைனிச்சி நாளிதழ் நடத்தும் போட்டியில் ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் இடம் உண்டு. இட்டோ என் (Ito En) என்ற தேயிலைக் கொம்பனி 1989 முதல் ஒன்று நடத்துகிறது. தெரிவாகும் கவிதைகளைப் பச்சைத் தேநீர்ப் போத்தலின் லேபலிலேயே அச்சடித்து விற்பார்கள். ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கவிதைகள் வந்து குவியும். பெரும்பகுதி அந்த நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் எழுதுவது. அதிலும் ஆங்கிலப் பிரிவு இருக்கிறது. கனடாவின் வான்கூவரில் 2006 முதல் செரிப்பூ விழாவை ஒட்டி ஒன்று நடக்கிறது. அதுவும் இலவசம்தான், ஆனால் செரிப்பூவைத்தான் எழுத வேண்டும். செரி மரத்தின் கீழ் ஒருநாளும் நிற்காத நாங்கள் அதை எழுதினால் கலண்டர் படத்தைப் பார்த்து எழுதிய மாதிரித்தான் வரும். அதை விடுங்கள்.

1968இல் தொடங்கிய அமெரிக்க ஹைக்கூ சங்கம், 1990இல் தொடங்கிய பிரித்தானிய ஹைக்கூ சங்கம் போன்ற சங்கங்கள் தங்கள் போட்டிகளுக்குச் சின்னதாக ஒரு கட்டணம் வாங்குவதும் உண்டு. அது ஏமாற்று இல்லை. சங்கம் நடப்பதும் பரிசு கொடுப்பதும் அப்படியான காசில்தான். லண்டனிலோ ஸ்காபரோவிலோ ஒரு சித்தப்பா இல்லாத வீடு வன்னியில் குறைவு, அவரைக் கொண்டு கட்டுவிக்கலாம். ஆனாலும் முதல் வருடம் இலவசமானவற்றோடு நிற்பது நல்லது.

ஏமாற்று எது என்று கண்டுபிடிப்பது சுலபம். அனுப்பிய எல்லாரும் "தெரிவாகிவிடுவார்கள்". பிறகு, உங்கள் கவிதை வரும் தொகுப்பைக் காசு கொடுத்து வாங்கினால்தான் சான்றிதழ் என்பார்கள். போன வருடம் வென்ற கவிதைகள் எங்கே என்று கேளுங்கள். நடுவர் யார், அந்தக் கவிதையை ஏன் எடுத்தார் என்று அவர் எழுதிய குறிப்பு எங்கே என்றும் கேளுங்கள். நேர்மையான போட்டியில் இந்த மூன்றும் எவரும் பார்க்கக்கூடியதாகக் கிடக்கும். அந்த நடுவர் குறிப்புகளை வாசிப்பது பரிசு வாங்குவதை விடப் பெரிய ஆதாயம். ஒரு பத்துப் பதினைந்து குறிப்பை வடிவாக வாசித்தால், ஹைக்கூ பட்டறை எதற்கும் போகத் தேவையில்லை.

மொழி: பெரும்பாலான போட்டிகள் ஆங்கிலத்தில்தான் எடுக்கும். தாய்மொழியிலேயே அனுப்பக்கூடியது என்றால், ஜப்பான் எயார்லைன்ஸ் அறக்கட்டளை 1990 முதல் நடத்திவரும் உலகச் சிறுவர் ஹைக்கூ போட்டி. 15 வயது வரையான பிள்ளைகளுக்கு உரியது. பிள்ளை தன் மொழியில் எழுதி, தான் கையால் வரைந்த படத்தோடு கொடுக்க வேண்டும். அது உங்கள் வயதுக்குச் சரிவராது, உங்கள் ரியூசன் பிள்ளைகளுக்குச் சரிவரும். இரண்டு ஆண்டுக்கு ஒருக்கா வருகிறது, எந்த நாடுகளில் எப்படி வாங்குகிறார்கள் என்பதை அந்தந்த முறை அறிவிப்பில் பார்க்க வேண்டும்.

ஐந்து-ஏழு-ஐந்து: கட்டாயமில்லை. ஜப்பானியர் எண்ணுவது எங்கள் அசையும் இல்லை, ஆங்கிலச் சிலபிளும் இல்லை. நெடில் வந்தால் இரண்டு, மூக்கால் ஒலிக்கும் "ன்" தனியே நின்றால் அதற்கு ஒன்று, மெய் இரட்டித்தால் அதற்கும் ஒன்று. அவர்கள் நாட்டின் பெயரான நிப்பொன் அவர்கள் கணக்கில் நாலு. இந்த எண்ணிக்கையை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் கவிதை ஊதிப்போகும் என்று கண்டுதான் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் பலரும் அதைக் கைவிட்டார்கள். இன்று பரிசு வாங்கும் ஆங்கில ஹைக்கூக்களில் பெரும்பாலானவை 17 சிலபிளுக்குக் குறைவு. தமிழில் இன்னும் சிக்கல். "பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு" என்று ஒரு சொல்லை வைத்தாலே வரி முடிந்துவிடும். மூன்று வரி, ஒரு மூச்சு. அதோடு விடுங்கள்.

இனி அந்த நாலாவது கேள்வி.

நல்ல போட்டிகளில் பெயரையும் நாட்டையும் மறைத்துவிட்டுத்தான் கவிதைகளை நடுவரிடம் கொடுப்பார்கள். நடுவருக்கு நீங்கள் வன்னி என்று தெரியாது, பெண் என்று தெரியாது, 2009இல் உங்களுக்கு எத்தனை வயது, எந்தப் பக்கம் நின்றீர்கள் என்றும் தெரியாது. "வன்னியில் இருந்து எழுதுகிற ஆள்" என்பது கவிதைக்கு வெளியே இருக்கிற விசயம். அது கடிதத்தோடு நின்றுவிடும். உள்ளே போவது மூன்று வரி மட்டும். வன்னி அந்த மூன்று வரிக்குள் ஒரு பொருளாக, ஒரு சத்தமாக, ஒரு ஆளின் கை செய்கிற ஒரு வேலையாக இருந்தால் இருக்கிறது. இல்லாவிட்டால் இல்லை.

போர், கண்ணீர், குருதி, அகதி, வடு என்ற சொற்களை நடுவர் அன்றைக்கு மட்டும் நூறு கவிதையில் பார்த்திருப்பார். சிரியாவைப் பற்றி, உக்ரைனைப் பற்றி, காசாவைப் பற்றி எழுதுகிறவர்களும் அதே சொற்களைத்தான் அனுப்புகிறார்கள், அதில் பாதிப்பேர் அங்கே கால் வைக்காதவர்கள். அந்தச் சொற்களுக்குள் உங்கள் கவிதை போய் நின்றால் யாருக்கும் அடையாளம் தெரியாது.

நீங்கள் அனுப்பிய கவிதை இது (யானைவெடி என்றால் வயலுக்கு வரும் யானையை விரட்டக் கொளுத்தும் வெடி):

யானைவெடிச் சத்தம்
பாட்டியின் நெஞ்சில் இன்னும்
ஓயாத யுத்தம்

சத்தம், யுத்தம் என்று எதுகை விழுந்துவிட்டது, கவியரங்கில் கைதட்டு நிச்சயம். மூன்றாவது வரியில் ஒரு வெடி வைத்து முடிப்பது தமிழ் ஹைக்கூவுக்குப் பழகிப்போன பழக்கம். 1916 ஒக்டோபரில் சுதேசமித்திரனில் பாரதி ஜப்பானியக் கவிதையை அறிமுகப்படுத்தி எழுதியபோது அவரைக் கவர்ந்தது அதன் சுருக்கமும், சொல்லாமல் விடுகிற குணமும்தான். ஆனால் 1980களில் தமிழ்நாட்டில் ஹைக்கூ தொகுப்புத் தொகுப்பாக வந்தபோது, புதுக்கவிதை மேடையின் சூடும் அதோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு வரி ஏற்றி, மூன்றாவது வரியில் போட்டுடைப்பது, விடுகதைக்கு விடை சொல்கிற மாதிரி. முதல் வாசிப்பில் "ஆ!" என்று இருக்கும். இரண்டாம் முறை வாசித்தால் விடை தெரிந்த விடுகதைதான். சர்வதேசப் போட்டி நடுவர் ஒரு கவிதையைத் தெரிவுசெய்ய முதல் பல தரம் வாசிப்பார். உங்கள் கவிதை இரண்டாவது சுற்றில் விழுவது இதனால்தான்.

வேறொன்று. உங்கள் வீட்டில் அவவை யாராவது "பாட்டி" என்று கூப்பிடுகிறீர்களா? கடிதத்தில் அம்மம்மா என்று எழுதுகிறீர்கள், கவிதை எழுத உட்கார்ந்ததும் சினிமாவிலிருந்து ஒரு பாட்டி வந்துவிடுகிறா.

கவிதையின் கீழே எழுதிய விளக்கத்தைப் பாருங்கள்: "யானைவெடி கேட்டா அயலில எல்லாரும் லைற்றைப் போட்டுட்டு வெளியில வந்து பாப்பினம். அம்மம்மா மட்டும் இப்பவும் எழும்பி லைற்றை நூர்த்துப்போடுவா." நூர்ப்பது என்றால் அணைப்பது. தங்கச்சி, கவிதை விளக்கத்துக்குள் கிடக்கிறது. அதை மேலே தூக்குங்கள்:

யானைவெடி
அயலெல்லாம் வெளிச்சம்
அம்மம்மா நூர்க்கிறா

போர் என்ற சொல் இல்லை. நெஞ்சு இல்லை. விமானச் சத்தம் கேட்டால் விளக்கை நூர்க்க வேண்டும் என்று பழகிய ஒரு கை மட்டும் இருக்கிறது. எந்த நாட்டில் குண்டுவீச்சுக்குக் கீழ் இருந்தவருக்கும் அந்தக் கை புரியும். அப்படி இருந்திராதவர் "ஏன் நூர்க்கிறா?" என்று ஒரு கணம் நிற்பார். நிற்கட்டும். இதிலும் மூன்றாவது வரியில் ஒரு திருப்பம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, எல்லைக்கு அருகில்தான் நிற்கிறது. ஆனால் இங்கே நாங்கள் எதையும் விளக்கவில்லை, நடந்ததை வரிசையாகச் சொன்னோம், அவ்வளவுதான். மனம் ஒப்பவில்லை என்றால் நடு வரியைத் தூக்கிவிட்டு, "யானைவெடி" என்பதற்குப் பிறகு ஒரு இடைவெளி விட்டு, அம்மம்மா எழும்பி லைற்றை நூர்ப்பதை மட்டும் இரண்டு வரியில் வையுங்கள். ஜப்பானியக் கவிதையின் உடல் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இன்னொன்று, நடுவில் ஒரு வெட்டு. இரண்டையும் இணைக்கிற வேலை வாசிக்கிறவருடையது.

ஹைக்கூவில் பருவத்தைக் காட்டும் ஒரு சொல் வைப்பது ஜப்பானிய வழக்கம், பருவச்சொல் என்பார்கள். இந்தக் கவிதைக்குள் பருவமும் தானாக வந்துவிட்டது, கவனித்தீர்களா? யானை வயலுக்கு இறங்குவது கதிர் முற்றும்போது. காலபோக நெல் அறுவடைக்கு நிற்கிற தை, மாசி இரவுகளில்தான் காவல் கொட்டிலில் இருந்து வெடி கொளுத்துகிற சத்தம் கூட. வன்னிக்காரருக்கு யானைவெடி என்றால் அது ஒரு மாதத்தின் பெயர் மாதிரி.

போரை எழுதவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஹைக்கூவில் போர் எப்படி வந்தது என்பதற்கு முன்னோடிகள் உண்டு, அவர்களைப் பார்க்க வேண்டும். ஜப்பானின் பெரிய ஹைக்கூ கவிஞர் பாஷோ 1689இல் வடக்கே நடந்துபோனபோது ஹிராயிசுமி என்ற இடத்துக்குப் போனார். மூன்று தலைமுறை செல்வாக்காக இருந்த ஃபுஜிவாரா குலத்தின் இடம் அது. 1189இல் யோஷித்சுனே என்ற வீரன் தன் ஆட்களோடு அங்கேதான் முடிந்தான். சரியாக 500 வருடம் கழித்து பாஷோ அந்த மேட்டில் நின்று பார்க்கிறார், புல். தொப்பியைக் கழற்றிக் கீழே போட்டு அதன்மேல் இருந்து நேரம் போனது தெரியாமல் அழுததாகத் தன் பயணக்குறிப்பில் உரைநடையில் எழுதுகிறார். அதற்கடுத்து வரும் கவிதையில் அழுகை கிடையாது. கோடைப்புல், வீரர்கள் கண்ட கனவு, அதில் மிஞ்சிய தடம். அவ்வளவுதான் அந்தக் கவிதையின் சாமான். கண்ணீரை உரைநடையில் விட்டுவிட்டுப் புல்லை மட்டும் கவிதைக்குள் எடுத்தார். நீங்கள் விளக்கத்தையும் கவிதையையும் இடம் மாற்றி எழுதியிருந்தீர்கள், பாஷோ அதைச் சரியான பக்கத்தில் வைத்திருக்கிறார்.

இஸ்ஸா என்ற கவிஞரின் சின்ன மகள் 1819இல் அம்மை போட்டு இறந்தாள். அதற்கு முதலும் பிறகும் அவர் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். மகளுக்கு அவர் எழுதியதில் சாவு என்ற சொல் இல்லை, பனித்துளி மட்டும்தான். உலகம் பனித்துளிதான் என்று ஒத்துக்கொள்கிறார், ஒத்துக்கொண்ட கையோடு "ஆனாலும்..." என்று இழுத்துவிட்டு நிறுத்திவிடுகிறார். அந்த இழுவைக்கு மேல் ஒரு சொல் வைத்திருந்தாலும் கெட்டுப்போயிருக்கும்.

இன்னும் அருகில் வருவோம். ஜப்பானியர் பருவச்சொல் அகராதியில் ஹிரோஷிமா நாளும் நாகசாகி நாளும் பருவச்சொற்களாகவே இருக்கின்றன. அவர்களது பழைய கணக்கின்படி ஓகஸ்ட் 7, 8 அளவில் இலையுதிர்காலம் தொடங்குகிறது. அதனால் ஓகஸ்ட் 6 கோடையிலும், ஓகஸ்ட் 9 இலையுதிர்காலத்திலும் போய் விழும். மூன்று நாளுக்குள் ஒரு பருவமே மாறிவிடுகிறது. எழுதுகிறவர்கள் அந்த நாட்களில் குண்டை எழுதுவது குறைவு. வெயில், சிள்வண்டு, தண்ணீர்க் குவளை என்று எழுதுவார்கள். குண்டு அந்த நாளின் பெயரிலேயே இருக்கிறது, திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை.

எங்களுக்கும் வைகாசி அப்படித்தான். போர் முடிந்த மே 18ஐ ஒட்டிச் சிரட்டையில் ஊற்றிக் கொடுக்கும் கஞ்சி, அதே நாட்களை அண்டி வரும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல், பொங்கலுக்குக் கடல்நீரில் எரிக்கும் விளக்கு, சோளகம் என்கிற தென்மேல் காற்று தொடங்குகிற புழுதி. இவை எல்லாம் ஒரு மாதத்துக்குள். கஞ்சியை எழுதுங்கள். சிரட்டையின் ஓட்டை வழியே ஒழுகிய கஞ்சியை ஒரு பிள்ளை விரலால் அடைக்கிறதை எழுதுங்கள். "இனப்படுகொலை நினைவு" என்று அதன்மேல் தலைப்புப் போட வேண்டாம். ஹைக்கூவுக்குத் தலைப்பே இல்லை, போட்டிக்கு அனுப்பும்போது தலைப்புப் போட்டால் பல இடங்களில் நடுவர் கைக்குப் போக முதலே கழித்துவிடுவார்கள்.

இதோடு ஒரு கசப்பான விசயமும் சொல்ல வேண்டும். தலை அறுந்த பனையை இனி எழுதாதீர்கள். முதலில் எழுதியவர் கண்டு எழுதினார். பிறகு வந்தவர்கள் அவரது கவிதையைக் கண்டு எழுதினார்கள். இப்போது புலம்பெயர் நாட்டு விழா மலர் ஒவ்வொன்றின் அட்டையிலும் அந்தப் பனை நிற்கிறது. அதற்கு வலி மரத்துப்போய்விட்டது. யாரும் இன்னும் எழுதாததைப் பார்க்க வேண்டும், உங்கள் ஏ35 வீதியோரமே அது கிடக்கிறது. மீள்குடியேற்றத்தில் கொடுத்த தறப்பாள் (தார்ப்பாய்) நினைவிருக்கும், வெள்ளையில் நீல எழுத்து. கூரையாக இருந்து, பிறகு வேலி மறைப்பாக இருந்து, பிறகு கிழிந்து மிஞ்சிய துண்டு நெல் காயவிடுகிற பாயாக மாறியது. அதில் நெல்லைப் பரவிவிட்டு, காலை இழுத்து இழுத்து நடந்து கிளறும்போது பாத்தி பாத்தியாகத் தடம் விழும். தடத்தில் தறப்பாள் தெரியும். வெயிலில் வெளிறிப்போன எழுத்தில் பாதி தெரியும்.

காயும் நெல்
கால் கிளறிய தடத்தில்
தறப்பாளின் நீல எழுத்து

இதில் இடப்பெயர்வு இருக்கிறது, முகாம் இருக்கிறது, திரும்பி வந்தது இருக்கிறது, அறுவடையும் இருக்கிறது. உலகத்தில் எந்த அகதி முகாமைக் கண்டவரும் அந்த நீல எழுத்தை அறிவார். நெல்லை அறிந்த ஜப்பானிய நடுவர் அந்தக் காலை அறிவார். "துயரம்" என்று எழுதினால் இரண்டில் ஒன்றைத்தான் சொல்லியிருப்போம்.

போரின் நிழலே இல்லாத கவிதையும் அனுப்புங்கள். அதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. ஆனி, ஆடியில் மாங்குளம், ஒட்டுசுட்டான் வீதியில் பாலைப்பழம் விற்கிறார்களே, அதைத் தின்று உதடு ஒட்டிப்போகாத ஆள் வன்னியில் இருக்கிறாரா?

பாலைப்பழம்
ஒட்டிய உதடு திறக்காமல்
சிரிக்கிற பிள்ளை

முல்லைத்தீவுக் கடற்கரையில் இராவணன் மீசை என்கிற முள்ளுப் புல் வளர்கிறது. காய்ந்ததும் அதன் தலை கழன்று பந்தாகி, காற்று அடிக்கிற பக்கம் முள்ளாலேயே நடந்து நடந்து உருளும். சோளகம் தரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால், அந்தக் காலத்தில் பந்து எல்லாம் தண்ணீருக்குள் போய் விழும்.

சோளகம்
உருண்டு உருண்டு இராவணன் மீசை
கடலுக்குள்

இதை முள்ளிவாய்க்காலில் நின்று பார்த்தவர் ஒரு மாதிரி வாசிப்பார், வான்கூவரில் இருக்கிறவர் வேறு மாதிரி வாசிப்பார். இரண்டும் சரி.

பருவச்சொல்லுக்காக ஜப்பானிய அகராதியைத் தேடாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஆண்டை இளவேனில், கோடை, இலையுதிர், குளிர், புத்தாண்டு என்று ஐந்தாகப் பிரிக்கிறார்கள். தவளை அவர்களுக்கு இளவேனில். நிலா என்று வெறுமனே சொன்னால் இலையுதிர்காலம். எங்கள் தவளை மாரித் தவளை. புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு ஐப்பசியில் அது கத்தத் தொடங்கினால்தான் நித்திரை வரும். கார்த்திகை, மார்கழியில் குளம் வான் பாயும். இரணைமடுக் குளத்துக் கதவு திறந்தது என்று கேட்டால் கீழே இருக்கிறவர்கள் சாமானைத் தூக்கிக் கட்டிலில் வைப்பார்கள், 2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் கெதியாக வைப்பார்கள். பங்குனி, சித்திரையில் சிறுபோகக் கூட்டம். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து ஆளுக்கு எவ்வளவு விதைக்கலாம் என்று பிரிப்பார்கள், அந்தக் கூட்டத்தில் நடக்கிற சண்டையிலேயே பத்து ஹைக்கூ இருக்கிறது. மன்னார்ப் பக்கம் என்றால் மாரி கழிய வங்காலையில் பூநாரை. பாலையும் வீரையும் பழுக்கிற காலத்தில் காட்டுக்குப் போகிறவர்கள் மரத்துக்கு மேலே கரடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே குனிவார்கள். இவ்வளவும் உங்களுக்குக் கையோடு இருக்கிற சரக்கு. எந்தச் சங்கமும் தொகுத்துத் தரத் தேவையில்லை, ஒரு கொப்பியில் மாதம் மாதமாக நீங்களே எழுதி வைக்கலாம்.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் சொல்லி வைத்ததால் எங்களுக்கு இது அந்நியமான பாடம் இல்லை. குறுந்தொகைக்காரர் நண்டையும் நாரையையும் காட்டிவிட்டு ஆளின் மனதைச் சொல்லாமல் விட்ட இடங்கள் ஏராளம். அதற்காக ஹைக்கூவே எங்களிடமிருந்துதான் ஜப்பானுக்குப் போனது என்று மேடையில் முழங்குகிறவர்களுக்குக் கைதட்டாதீர்கள்.

ஆங்கிலமாக்குவது பற்றிக் கொஞ்சம். அகராதியை வைத்துச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் கவிதை செத்துவிடும். தமிழை மூடி வைத்துவிட்டு, அந்தக் காட்சியைத் திரும்ப நினைத்து, நேரடியாகச் சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்களில் எழுதிப் பாருங்கள். உயர்தர ஆங்கிலம் போதும். பெரிய ஆங்கிலம் தெரிந்தவர்கள்தான் இதில் கெடுப்பார்கள். அடிக்குறிப்பு வைக்க இடம் தரமாட்டார்கள், எனவே யானைவெடியை "யானையை விரட்டும் வெடி" என்று வரிக்குள்ளேயே தெளிவாக்க வேண்டும். சோளகத்துக்கு வறண்ட காற்று என்று போடலாம். அம்மம்மாவை வழமையான ஆங்கிலப் பாட்டியாக்குவதில் பிழையில்லை, அங்கே அது சினிமாப் பாட்டி இல்லை. ஊர்ப் பெயர்களைக் குவிக்க வேண்டாம். இரணைமடு என்று ஒன்று இருந்தால் அழகு, ஒரு கவிதையில் இரண்டு ஊர்ப் பெயர் வந்தால் அது வரைபடம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் காட்டி இலக்கணம் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். "கொஞ்சம் கவித்துவமாக்கித் தரட்டுமா?" என்று கேட்டால் கொப்பியைத் திருப்பி வாங்கிவிடுங்கள்.

சில போட்டிகள் மனித நடத்தையை மையமாக வைத்த மூன்று வரியைச் சென்ரியூ என்று தனிப்பிரிவாகப் பிரிக்கும். அம்மம்மா கவிதையை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று குழம்பினால், யானைவெடியில் பருவம் இருப்பதால் ஹைக்கூவுக்கே அனுப்பலாம். பிரிவு சரியில்லை என்பதற்காக ஒரு நல்ல கவிதை வீசப்படுவது குறைவு.

கடைசியாக, பலர் கவிழ்கிற இடம். பல போட்டிகளின் விதிப்படி முகநூலில் போட்ட கவிதையும் பிரசுரமான கவிதைதான். அனுப்ப நினைப்பதை எங்கேயும் போடாமல், வட்சப் குழுவில்கூடச் சுற்றவிடாமல் வையுங்கள். மேலே உள்ள நாலையும் பொதுவில் நான் எழுதிவிட்டேன், ஆகவே அவற்றை அனுப்ப முடியாது. அம்மம்மாவை வேறு ஒரு இரவில் பார்த்துப் புதிதாக எழுதுங்கள், அவ உங்கள் வீட்டில்தானே இருக்கிறா. ஒரே கவிதையை ஒரே நேரத்தில் இரண்டு போட்டிக்கு அனுப்பக்கூடாது. ஒவ்வொரு போட்டிக்கும் எத்தனை கவிதை என்ற வரம்பு இருக்கும், ஒன்று கூடினாலும் எல்லாவற்றையும் கழிக்கிற இடங்கள் உண்டு. ஜப்பான் எங்களை விட மூன்றரை மணித்தியாலம் முந்தியது. அங்கே நள்ளிரவோடு முடிகிறது என்றால் எங்களுக்கு இரவு எட்டரை. கரண்ட் போகிற, சிக்னல் இழுபடுகிற இடத்தில் இருந்துகொண்டு அன்றைக்குப் பின்னேரம் வரை வைத்திருக்காதீர்கள், இரண்டு நாள் முந்தியே அனுப்பிவிடுங்கள். அனுப்பியதற்குப் பதில் மின்னஞ்சல் வந்தால் அதை அழிக்காமல் வைத்திருங்கள். முடிவு வர மாதக்கணக்காகும்.